சிப்பி சொல்வது வெயிலையா, மழையையா?

கேள்வி இது: "ஒரு சிப்பியை வைத்து எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் எத்தனை டிகிரி இருந்தது என்று சொல்லிவிடுகிறார்களாம். தெர்மாமீட்டரே இல்லாத காலம், எப்படி முடியும்? பெசன்ட் நகர் கடற்கரையில் என் மகள் பொறுக்கி வைத்திருக்கும் கிளிஞ்சலிலும் அப்படிப் பார்க்கலாமா? ஒரு ஊகத்தை வைத்து இன்னொரு ஊகத்தை நிரூபிக்கிற வேலையாகத் தெரிகிறதே?"

பார்க்கலாம். ஆனால் சிப்பியில் அளக்கிற எண் வெப்பநிலை அல்ல. அந்த எண்ணுக்குள் வெப்பமும் இருக்கிறது, அந்தச் சிப்பி வாழ்ந்த தண்ணீரின் குணமும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் டிகிரி சொன்னால் தப்பாகிவிடும். அதுவும் நம் சென்னைக் கடலில் தலைகீழாகத் தப்பாகும். அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. இந்தத் துறையும் ஆரம்பத்தில் அதே இடத்தில்தான் தடுக்கியது.

முதலில் அடிப்படை. ஆக்சிஜன் அணு எல்லாமே ஒரே எடை இல்லை. ஆயிரம் அணுவை எடுத்தால் 997-க்கும் மேல் ஆக்சிஜன்-16. ஏறக்குறைய இரண்டு மட்டும் ஆக்சிஜன்-18. அதில் இரண்டு நியூட்ரான் கூடுதல். ரசாயனத்தில் இரண்டும் ஒன்றுதான், கதிரியக்கமும் கிடையாது, எத்தனை கோடி வருஷம் ஆனாலும் சிதையாது. வித்தியாசம் எடையில் மட்டும். சிப்பி தன் ஓட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் கடைசியில் சுற்றியுள்ள நீரிலிருந்துதான் வருகிறது. அப்படிக் கட்டும்போது கனமான ஆக்சிஜன், நீரில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக ஓட்டில் சேரும். நீர் குளிராக இருந்தால் அந்தக் கூடுதல் அதிகம். சூடாக இருந்தால் குறைவு.

இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர் ஹரால்ட் யூரே. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்ததற்காக 1934-ல் நோபல் பரிசு வாங்கியவர். 1947-ல் வெளியிட்ட கட்டுரையில், கார்பனேட்டில் உள்ள ஆக்சிஜனை அளந்தால் பழைய கடலின் வெப்பம் தெரியும் என்று காட்டினார். மாற்றம் மிகச் சிறியது. ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 0.2 பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதை அளக்கிற கருவியே அன்று கைவசம் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, எடை வாரியாகப் பிரித்து எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியை அந்த நுணுக்கத்துக்குக் கொண்டுவந்தது. சிப்பி உயிரிகளைத் தெரிந்த வெப்பநிலையில் தொட்டியில் வளர்த்து, அவை புதிதாகக் கட்டிய ஓட்டை அளந்து, எந்த டிகிரிக்கு எந்த எண் என்று அட்டவணை போட்டார்கள். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு முதல் பதில் இதிலேயே இருக்கிறது: அளவுகோல் ஊகத்தில் பிறக்கவில்லை, தொட்டியில் பிறந்தது.

1951-ல் அவர்கள் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த ஒரு பெலெம்னைட்டை அறுத்தார்கள். கணவாய்க்கு உறவான, இன்று அழிந்துபோன ஓர் உயிரி அது. துப்பாக்கித் தோட்டா மாதிரி இருக்கும் அதன் உள் ஓடுதான் கல்லாகிக் கிடைக்கும். குறுக்கே வெட்டினால் மரத்தில் போல வளையங்கள். உள்ளிருந்து வெளியே அடுக்கு அடுக்காகச் சுரண்டி அளந்தபோது, எண் ஏறி இறங்கி அலை அலையாக வந்தது. மூன்று கோடை, நான்கு குளிர்காலம். இளமையில் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர், வயதானபோது குளிர்ந்த நீர். வசந்தத்தில் செத்திருக்கிறது, வயது சுமார் நான்கு. ஜுராசிக் காலத்து ஜீவன் ஒன்று எந்தப் பருவத்தில் செத்தது என்று சொல்ல முடிந்ததே, இன்று படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. நம் பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரில் களிமண் மேடுகள் மழையில் கரையக் கரைய இதே பெலெம்னைட்டுகள் வெளியே வந்து கிடக்கும். சுமார் பத்துக் கோடி வருஷப் பழசு, இந்தியா வெகு தெற்கே இருந்த காலம். அவற்றிலும் இந்த அளவீடு நடந்திருக்கிறது. உலகம் முழுக்க இந்த எண்களை ஒப்பிடுகிற அடிப்படையும், தென் கரோலினாவின் பீ டீ பாறையடுக்கில் கிடைத்த ஒரு பெலெம்னைட்தான். அதன் பொடி தீர்ந்தே போய்விட்டது. பிறகு ஒரு பளிங்குப் பொடியை அதற்கு ஈடாக அளவிட்டு வைத்துக்கொண்டார்கள்.

இனி சிக்கலுக்கு வருகிறேன். யூரேயின் கணக்கில் இரண்டு தெரியாத எண்கள். ஓட்டில் உள்ள கன ஆக்சிஜன், வெப்பத்தால் மட்டும் மாறாது. நீரிலேயே கன ஆக்சிஜன் கூடக் குறைய இருந்தால் ஓட்டிலும் அப்படியே கூடக் குறைய வரும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கில் இருப்புத் தொகையை மட்டும் பார்த்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று சொல்ல முடியாதே, அந்த நிலைமை.

நீர் ஏன் மாறுகிறது? கடல் நீர் ஆவியாகும்போது லேசான மூலக்கூறு முந்திக்கொண்டு கிளம்பும். மேகம் மழையாகக் கொட்டும்போது கனமானது முந்திக்கொண்டு விழும். ஆக, மேகம் கடலை விட்டு உள்நாட்டுக்குப் போகப் போக, மலை ஏற ஏற, மிச்சமிருக்கும் நீர் லேசாகிக்கொண்டே போகும். இமயமலையில் விழும் மழையும் பனியும் அதனால்தான் கடல் நீரைவிட வெகு லேசு. அந்த நீர் கங்கையாக, பிரம்மபுத்திராவாக வங்கக் கடலுக்கே திரும்பி வருகிறது. துருவத்தின் பனிப்பாளம் இந்தப் பயணத்தின் கடைசி நிலையம்; அங்கே கன ஆக்சிஜன் கடல் நீரைவிட ஆயிரத்துக்கு 30 முதல் 50 வரைகூடக் குறைவாக இருக்கும்.

இதைச் சரியாகக் கணக்கில் எடுக்காததால் ஒரு பெரிய விவாதமே நடந்தது. யூரேயின் குழுவிலிருந்து வந்த செசாரே எமிலியானி, கடலடி வண்டலில் உள்ள நுண்ணிய ஓடுகளை அளந்து, 1955-ல் பனியுகங்கள் மாறி மாறி வந்ததைக் காட்டினார். அற்புதமான வேலை. ஆனால் எண்ணில் தெரிந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதியை அவர் வெப்பத்தின் கணக்கில் எழுதினார். கேம்பிரிட்ஜில் நிக்கலஸ் ஷாக்கிள்டன் 1967-ல் வேறு மாதிரி கேட்டார். மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிரின் ஓட்டிலும் ஆழ்கடல் தரையில் வாழ்வதன் ஓட்டிலும் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆழ்கடல் நீர் இன்றைக்கே உறைநிலையை ஒட்டித்தான் இருக்கிறது. பனியுகத்தில் அது இன்னும் எவ்வளவு குளிர்ந்திருக்க முடியும்? ஆகவே மாறியது பெரும்பாலும் நீர். லேசான ஆக்சிஜன் எல்லாம் பனிப்பாளங்களில் போய்ப் பூட்டிக்கொண்டதால் கடலில் கனமானது மிஞ்சியது. சுமார் 21,000 வருஷத்துக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. கடல் நீர் முழுவதுமே ஆயிரத்துக்கு ஏறக்குறைய 1 பங்கு கனத்திருந்தது. சென்னையின் கரை அப்போது பல கிலோமீட்டர் கிழக்கே. பாக் நீரிணை தரையாக இருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். தவறு என்று தெரிந்த பிறகு அந்த எண் பயனற்றுப் போகவில்லை. உலகில் எவ்வளவு பனி இருந்தது என்பதற்கான கணக்காக மாறிவிட்டது. 1976-ல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் அந்த ஏற்ற இறக்கத்தில் சுமார் ஒரு லட்சம், 42,000, 23,000 வருஷச் சுழற்சிகள் இருப்பதையும், அவை பூமியின் சுற்றுப்பாதை, அச்சின் சாய்வு இவற்றின் மாற்றத்தோடு பொருந்துவதையும் காட்டினார்கள்.

இப்போது பெசன்ட் நகர் சிப்பி. சென்னையை ஒட்டிய கடலின் மேற்பரப்பு வருஷம் முழுக்க ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரிக்குள்தான் ஆடும். வெப்பத்தால் மட்டும் ஓட்டில் வரக்கூடிய மாற்றம் ஆயிரத்துக்கு 1 பங்கைத் தொடாது. தண்ணீரோ பெரிதாக மாறுகிறது. மார்ச், ஏப்ரலில் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும்; அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தெற்கே திரும்பும். திரும்பும்போது கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று வடக்கே கடலில் கலந்த ஆற்று நீரையெல்லாம் கரையோடு ஒட்டி நம் பக்கம் கொண்டுவரும். அதே சமயம் நமக்கு வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் கொட்டுகிற மழையில் கன ஆக்சிஜன் சாதாரண மழையைவிடவும் குறைவு. அடையாறும் கூவமும் கொசஸ்தலையாறும் வெள்ளமாகக் கலக்கும்.

ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். எண் என்று நான் சொல்வது, ஒப்பிடுகிற தரப்பொடியைவிட ஓட்டில் கன ஆக்சிஜன் ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைய என்பது; குறைந்தால் மைனஸ். கரைக்கடலில் வளர்ந்த ஒரு மட்டியில் ஏப்ரலில் கட்டிய பகுதி −1.5, நவம்பரில் கட்டிய பகுதி −2.5 என்று வருவதாக வையுங்கள். நீரை மறந்துவிட்டு வெப்பம் என்றே படித்தால், நவம்பர்க் கடல் ஏப்ரலைவிட நாலு டிகிரிக்கு மேல் சூடு என்று வரும். நவம்பரில் கடல் ஏப்ரலைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி என்பது மீன்பிடிக்கப் போகிற யாரைக் கேட்டாலும் தெரியும். ஒரு டிகிரி குளிர்ந்தது என்று கொண்டால் எண் 0.2 ஏறியிருக்க வேண்டும். ஏறாமல் 1 இறங்கியிருக்கிறது. அப்படியானால் நீர் மாறியது 1.2. வங்கக் கடலில் உப்பு ஆயிரத்துக்கு 1 குறைந்தால் இந்த எண் தோராயமாக 0.2 குறையும் என்று எடுத்துக்கொண்டால், உப்பு 34-லிருந்து 28-க்கு இறங்கியிருக்கிறது. அந்த மட்டி தெர்மாமீட்டராகப் பொய் சொல்கிறது. மழைமானியாக உண்மை சொல்கிறது.

முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ எடுத்த சிப்பியாக இருந்தால் இன்னும் மோசம். கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கழிமுகம் கடலோடு தொடர்பு குறைந்து நிற்கும். கத்திரி வெயிலில் நீர் ஆவியாகி, மிச்ச நீர் கனத்துக்கொண்டே போகும். ஓட்டில் எண் ஏறும். ஏறினால் குளிர் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆக, அக்னி நட்சத்திரத்தைக் குளிர்காலம் என்றும் ஐப்பசி அடைமழையைக் கொளுத்தும் கோடை என்றும் படித்துவிடுவோம். பழைய பருவநிலை பற்றிய செய்திகளில் "சிப்பி ஒரு தெர்மாமீட்டர்" என்று எழுதும்போதெல்லாம் எனக்கு மனது பொறுக்காது. குளிர்ப் பிரதேசத்தில், ஆறு கலக்காத திறந்த கடலில் அது கிட்டத்தட்ட சரி. பருவமழைக் கடலில் சரியே இல்லை.

ஆய்வகத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சிப்பியைக் கழுவி, மேலே ஒட்டிய பாசி, புழுக்கூடு எல்லாம் சுரண்டி எடுப்பார்கள். கீல் இருக்கும் முனையிலிருந்து விளிம்புவரை, வளர்ச்சிக் கோடுகளுக்குக் குறுக்கே அறுத்து மெருகேற்றுவார்கள். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற மெல்லிய துளைக்கருவியால் ஒவ்வொரு கோட்டிலும் தொட்டுத் தொட்டுப் பொடி எடுப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அந்தப் பொடி காற்று நீக்கிய சின்னக் குப்பியில் போகும். மேலே பாஸ்பாரிக் அமிலம் சொட்டும். நுரைத்துக் கார்பன் டை ஆக்சைடு வரும். அந்த வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் 44, 45, 46 என்று எடை வாரியாகப் பிரித்து எண்ணி, தரப்பொடியின் வாயுவோடு ஒப்பிடும். பிழை ஆயிரத்துக்கு 0.1-க்குள் நிற்கும். உள்ளிருந்து விளிம்பு வரையான எண்களை வரிசையாகக் குறித்தால் அந்த ஜீவனின் வாழ்க்கை ஓர் அலையாகக் கண் முன் வரும்.

எந்தச் சிப்பி என்பதும் முக்கியம். மட்டி வகைகளின் ஓடு பெரும்பாலும் அரகோனைட்; ஆளி என்கிற கடல் சிப்பியின் ஓடு பெரும்பாலும் கால்சைட். ரெண்டும் கால்சியம் கார்பனேட்தான், படிகம் வேறு. ஒரே நீரில் ஒரே வெப்பத்தில் வளர்ந்தாலும் அரகோனைட்டில் எண் சுமார் 0.6 கூட வரும். பார்க்காமல் விட்டால் இரண்டரை டிகிரி தப்பு. சூளையில் வெந்த ஓடு எதற்கும் உதவாது. அடுப்புத் தீயில் நேராகச் சுட்டதும் சந்தேகம்தான், அரகோனைட் கால்சைட்டாக மாறிவிடும். பழவேற்காட்டு ஏரியடியில் புதைந்த கிளிஞ்சலைத் தோண்டிச் சுண்ணாம்புக்கு எரித்தது ஒரு காலம். அதில் போன பருவமழைப் பதிவு எவ்வளவோ. இன்னொன்று: வெள்ளம் வந்து உப்பு மிகவும் இறங்கினால் பல மட்டிகள் வாயை இறுக மூடிக்கொண்டு வளர்வதை நிறுத்திவிடும். கனமழையின் உச்சம் பதிவாகாமலே போகும். ஓட்டில் தெரியும் பள்ளம் உண்மையான பள்ளத்தைவிட ஆழம் குறைவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சிப்பி சில வருஷத்தைச் சொல்லும். ஆயிரக்கணக்கான வருஷம் வேண்டுமானால் வண்டலுக்குப் போக வேண்டும். கடலில் மிதந்து வாழும் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகள் மணல் துகள் அளவுக்குச் சுண்ணாம்பு ஓடு கட்டும். செத்தால் தரையில் விழும். குழாயை இறக்கி வண்டலை உருவி எடுத்து, சல்லடையில் அலசி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். வங்கக் கடலில் அதிகம் தேடுவது குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் என்ற இனம், அது மேற்பரப்பை ஒட்டி வாழ்வதால். பொறுமைக்குப் பரீட்சை வைக்கிற வேலை.

வெப்பத்தையும் நீரையும் பிரிக்கிற வழியும் இந்த நுண்ணோடுகளில்தான் கிடைத்தது. ஓட்டில் கால்சியத்துக்குப் பதில் கொஞ்சம் மெக்னீசியம் நுழையும். ஒரு டிகிரி சூடு கூடினால் மெக்னீசியத்தின் விகிதம் 9 சதவீதம் போலக் கூடும். ஆற்று நீர் அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆகவே மெக்னீசியத்திலிருந்து டிகிரி. ஆக்சிஜன் எண்ணிலிருந்து அந்த டிகிரியின் பங்கைக் கழித்தால் நீரின் எண். அதிலிருந்து உலகப் பனியின் பங்கைக் கழித்தால் உள்ளூர் மழையும் ஆறும். ஒவ்வொரு கழித்தலிலும் பிழை சேரும் என்பது உண்மை. அதனால்தான் ஆற்று நீரில் கூடுதலாக வரும் பேரியம், வண்டலில் புதைந்த இலையின் மெழுகு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாட்சிகளையும் விசாரிக்கிறார்கள். நீங்கள் சொன்ன ஊகச் சங்கிலி அங்கே அறுந்துவிடும். மெக்னீசியம் நுழைவது வேறு ரசாயனம், இலை மெழுகு வேறு உயிரியல். தவறு என்றால் எல்லாம் ஒரே பக்கமாகத் தவற வேண்டிய அவசியம் இல்லை. வயதும் தனியாகவே வருகிறது: ஏறக்குறைய 50,000 வருஷம் வரை, காலம் போகப் போகச் சிதைந்து குறையும் ரேடியோ கார்பன், அதற்கு அப்பால் வேறு முறைகள். கடல் உயிரிக்கு ரேடியோ கார்பனில் சில நூறு வருஷம் கழிக்க வேண்டும், ஏனென்றால் கடல் நீரின் கார்பனே கொஞ்சம் பழசு.

நம் பக்கத்து முடிவுகள் சிலவற்றைச் சொல்கிறேன். கோதாவரி கழிமுகத்துக்கு எதிரே எடுத்த வண்டலில் இலை மெழுகின் கார்பனை அளந்து 2012-ல் வந்த ஆய்வு, சுமார் 4,000 வருஷத்துக்கு முன்பிருந்து 1,700 வருஷத்துக்கு முன்பு வரை தக்காணம் படிப்படியாக வறண்டதைக் காட்டியது. மரமும் வெப்பமண்டலப் புல்லும் கார்பனை எடுக்கும் விதம் வேறு என்பதால், வறட்சி தாங்கும் புல் பெருகியது கார்பன் எண்ணில் தெரிகிறது. அதே தத்துவத்தில் 1993-லேயே ரமன் சுகுமார், ஆர்.ரமேஷ் முதலானோர் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணை அளந்தார்கள். பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரி வறண்டு புல்வெளி ஓங்கியிருந்தது தெரிந்தது. ஊட்டிக்குப் போகிறவர்கள் மிதித்து நடக்கிற கறுப்பு மண்ணில் இருபதாயிரம் வருஷம் அடுக்கியிருக்கிறது. பிறகு 2014 கடைசியில் ஜாய்ட்ஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. மகாநதிக்கு எதிரே எடுத்த வண்டலை வைத்து 2021-ல் வெளியான ஆய்வு ஒன்பது லட்சம் வருஷப் பருவமழையைப் படித்தது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடியதை ஒட்டியும், பனி குறைந்ததை ஒட்டியும் மழை கூடியிருக்கிறது; இனி மழை கூடும் என்று கணினி மாதிரிகள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது. 2015 டிசம்பரைப் பார்த்த ஊருக்கு இது பழங்கதை இல்லை. அதற்காக அந்த ஆய்வை அப்படியே சென்னைக்கு எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது பேசுவது தென்மேற்குப் பருவமழை. நமக்கு மழையில் பெரும்பங்கு தருவது வடகிழக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு இப்படி நீண்ட, நுணுக்கமான பதிவு தமிழகக் கரையிலிருந்து வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை. அதற்குச் சிப்பிகள்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன், மாத வாரியாகப் பேசுவதால்.

உங்கள் மகளின் கிளிஞ்சலுக்கு வருவோம். கரையில் ஒதுங்கிய வெற்று ஓட்டின் வயது தெரியாது. போன வருஷத்ததாக இருக்கலாம், அலை கிளப்பிய பல நூறு வருஷப் பழசாகவும் இருக்கலாம். செத்த தேதி தெரிந்த ஓடுதான் ஆய்வுக்கு முதல் தரம். மீன் மார்க்கெட்டில் வாங்கி அன்றே சமைத்த மட்டியின் ஓட்டில் தேதியும் பிடித்த இடமும் எழுதி வைத்தால், அது கடற்கரைப் பொறுக்கலைவிடப் பல மடங்கு மதிப்பு. கொதிநீரில் வேகவைப்பதால் குறிப்பிடும்படி ஒன்றும் ஆகாது, தணலில் போடாதீர்கள். விளிம்பின் கடைசிக் கோடு, வாங்கிய வாரத்தின் கடல். அந்த வாரத்து வெப்பமும் உப்பும் தெரிந்தால் மேலே சொன்ன கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அவள் படிக்கிற பள்ளியில் ஆர்வமுள்ள ஆசிரியர் யாராவது இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் மழையை நாள்வாரியாகப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். சிப்பியின் எண்ணிலிருந்து மழையைப் பிரிக்க, மழையின் எண் முதலில் தெரிந்தாக வேண்டும். மொட்டை மாடியில் புனல் வைத்த பாத்திரம் போதும். மழை விட்டதும் சின்னப் பாட்டிலில் விளிம்பு வரை, காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி, இறுக மூடி, தேதி, நேரம், இடம், எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று ஒட்டி, நிழலில் வையுங்கள். மூடி தளர்ந்தால் லேசான ஆக்சிஜன் ஆவியாகிப் போய்விடும், பாட்டிலில் இருப்பது அன்று பெய்த மழையாக இருக்காது. அந்தப் பாட்டிலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதே நல்லது.